அக்காவின் கீழ் ஜி

அக்கா இறந்து ஒன்பது வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், அத்தான் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது பொம்மசந்திராவில், அளவுக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியின் டெஸ்டிங் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குரல் யாருடையது என்று சட்டென்று பிடிபடவில்லை. அக்காவின் கணவர் அவர். ஒரே ஊரில்தான் இருந்தோம். நான் விவேக் நகர், அவர் காக்ஸ் டவுன். ஆனாலும் சர்ச்சில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பதோடு சரி.

அவர் சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். அவர் மகள் பாப்பா சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய காலத்து எலெக்ட்ரிக் பியானோவின் சத்தத்தைக் கொடுக்கும் சாப்ட்வேர் ஒன்று போடவேண்டும் என்கிறாள். அதில் பல வகை இருக்கிறதாம். எதை எடுப்பது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

"அம்மா வாசிச்ச பியானோ மாதிரியே வேணுமாம்," என்றார். "அது எப்படி இருக்கும்னு உனக்குத்தாம்மா தெரியும்."

சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று மாலை வரை பெஞ்சில் வந்த எந்த மீட்டரையும் ஒரே தடவையில் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பியானோவை அக்கா தொண்ணூற்றொன்றில் வாங்கினாள். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், கட்டில் பீரோவோடு அதையும் விற்றுவிட்டுப் போகத் தயாராக இருந்தது. அக்கா பெண்கள் பள்ளி ஒன்றில் கெமிஸ்ட்ரி டீச்சர். பன்னிரண்டு வயதிலிருந்து சர்ச்சில் வாசிப்பவள். நான் அந்த வருஷம்தான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். வாங்கலாமா என்று பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கறுப்புத் தோல் ஒட்டிய மூடி, கழற்றி மாட்டும் நான்கு இரும்புக் கால்கள், எழுபத்துமூன்று கட்டைகள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

சாதாரணப் பியானோ போல அதில் தந்திகள் கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. கட்டையை அழுத்தினால் சின்னச் சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டும். கம்பியின் நுனிக்கு எதிரே ஒரு காந்தச் சுருள் இருந்து அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். விரலை எடுத்ததும் கம்பளித் துணி ஒட்டிய ஒரு சின்னக் கை வந்து கம்பியைத் தொட்டு அடக்கும். அந்தக் கைக்கு டேம்பர் என்று பெயர். மெதுவாக வாசித்தால் தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கரண்டியால் தொட்டது மாதிரி இருக்கும். ஓங்கி வாசித்தால் தொண்டை கட்டியவர் யாரையோ கூப்பிடுவது மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அக்காவின் விரல்களுக்கு மட்டும் கட்டுப்பட்ட பல குரல்கள் இருந்தன.

மறு வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. பியானோவும் அவளோடு காக்ஸ் டவுனுக்குப் போனது. பழைய வீடு ஒன்றின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். முன்னறையில், பக்கத்துச் சந்துக்கு அடுத்த சுவரோரம் பியானோவை நிறுத்தினார்கள். அத்தான் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசர். அதிகம் பேசமாட்டார். அக்கா வாசிக்க உட்கார்ந்தால் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போய்விடுவார். அவருக்குச் சங்கீதம் பிடிக்காது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் எடுத்துக்கொண்டு போவேன். கம்பி உடைந்திருந்தால் மாற்றுவேன். சுருதி இறங்கியிருந்தால் ஏற்றுவேன். அக்கா பக்கத்தில் நின்று ஸ்கூல் கதையெல்லாம் சொல்வாள். அவள் மகள் எங்கள் காலடியில் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். என் வாழ்க்கையில் வேறெந்த வேலையையும் நான் அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.

தொண்ணூற்றேழில் மழை தொடங்கிய சமயத்தில் அக்கா கம்பெனிக்கே போன் செய்து சொன்னாள்.

"ஏய், கீழ் ஜி கட்டை அடங்கவே மாட்டேங்குதுடி. டேம்பர் தொடல போல. விரல எடுத்தாலும் பாடிட்டே இருக்கு. சுருதி வேற கொஞ்சம் ஏறிப்போச்சு."

இடது கைப்பக்கம் அடிக்குரலில் ஒலிக்கும் ஜி சுரத்தின் கட்டை அது. கால் மணி நேர வேலை. டேம்பரின் கையை லேசாக வளைத்து, புதுக் கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டி, சுருதிக்காகக் கம்பியில் மாட்டிய சின்ன ஸ்பிரிங்கை நகர்த்தினால் முடிந்தது. ஆனால் அப்போது கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் ஒன்று வந்து ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருந்தது. அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவள் கேட்டபோது சற்று எரிச்சலாகவே, அந்த ஒரு கட்டையை விட்டுவிட்டு வாசியேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "சரி, வர்றப்போ வா," என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த வாரம் புதன்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜையில் கை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். தலைவலி என்றாளாம். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மகளுக்கு நான்கு.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கம்பளித் துணியும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை. கீழ் ஜியைச் சரிசெய்யாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்னறையில் பியானோ இல்லை. சிவப்புத் தரையில் நான்கு கால்கள் இருந்த இடத்தில் நான்கு வெளிறிய வட்டங்கள் மட்டும் இருந்தன.

"கோலார் பக்கத்து சர்ச் ஒண்ணுக்குக் குடுத்துட்டேன்," என்றார் அத்தான். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"அக்காவ ரெண்டாவது தடவையா வீட்ட விட்டு அனுப்பிட்டீங்க."

அவர் முகம் மாறியது. அடிபட்டவரின் முகம் அல்ல அது. தனக்குள் இருந்ததை இன்னொருத்தி உரக்கப் படித்துக் காட்டியதைக் கேட்டவரின் முகம். அது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு பாப்பாவின் பிறந்தநாளுக்குத் துணி வாங்கி ஸ்கூல் வாசலில் கொடுப்பேன். அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஒன்பது வருஷத்தில் அந்த முன்னறை அதிகம் மாறவில்லை. பியானோ இருந்த சுவரோரம் இப்போது கம்ப்யூட்டர் மேஜை. பாப்பாவுக்குப் பதின்மூன்று வயது. அக்காவின் நெற்றி, அக்காவைப் போலவே இடது கையால் முடியை ஒதுக்கும் பழக்கம். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. நான் அவளை நேராகப் பார்க்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன். அத்தான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று சாப்ட்வேர்களைப் பாப்பா ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அவளுடைய கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு ஒரு வயரால் இணைத்தேன். முதலில் கட்டையை அழுத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே நன்றாகத் தெரியும்படி ஓர் இடைவெளி இருந்தது. வேறெங்கோ, நமக்குத் தெரியாத இடத்திலிருந்து, யாரோ யோசித்துப் பதில் சொல்வது போல இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நல்ல சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவந்து மாட்டிய பிறகுதான் அது சரியானது. முதல் சனிக்கிழமை அதிலேயே போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை முதலாவது சாப்ட்வேரைக் கேட்டோம். அது முழுக்கப் பதிவு செய்யப்பட்ட சத்தங்கள். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் நல்ல நிலையிலுள்ள பியானோ ஒன்றை வைத்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக வாசித்துப் பதிந்து டிவிடியில் அடைத்திருந்தார்கள். அழகாக இருந்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டினால் சத்தம் படிப்படியாகத் தாவியது. அக்காவின் குரல்கள் அந்தப் படிகளுக்கு நடுவில்தான் இருந்தன. இரண்டாவது, இலவசமாகக் கிடைத்தது. பொம்மைக் கடையின் மணி மாதிரி ஒலித்தது. பாப்பா சிரித்துவிட்டாள்.

"சித்தி, அம்மாது எப்படி இருக்கும்? இதுல எது கிட்ட வருது?"

இரண்டும் இல்லை என்றேன். எப்படி என்று அவளுக்கு விளக்க முயன்றேன். பிறகு, உனக்கு அம்மா வாசித்தது கொஞ்சமாவது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன்.

"வாசிச்சது ஞாபகமில்ல சித்தி. ஹம் பண்ணுவாங்கல்ல, அது ஞாபகம் இருக்கு. காலைல நான் எந்திரிக்கிறப்போ இந்த ரூம்ல ஹம் பண்ணிட்டிருப்பாங்க. நான் வர்றதுக்குள்ள நிறுத்திடுவாங்க."

அக்கா வாய்க்குள் பாட்டை முணுமுணுத்து நான் கேட்டதே இல்லை. சர்ச்சின் பாட்டுக்குழுவான கொயர்கூட அவளுக்கு ஒத்துவராது. தன் குரல் கரகரவென்று இருக்கிறது என்று சிறுவயதிலிருந்தே அவளுக்குக் கூச்சம். சர்ச்சில் எல்லாரும் பாடும்போதுகூட உதடுகளை மட்டும் அசைப்பாள். நான்கு வயதுப் பிள்ளையின் ஞாபகம், எங்கேயாவது கேட்டதை அம்மாவின் மேல் ஏற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. நான் வர்றதுக்குள்ள நிறுத்திடுவாங்க.

மூன்றாவது சாப்ட்வேர் வேறு வகை. அதில் பதிவு செய்த சத்தம் எதுவும் இல்லை. கம்பி எவ்வளவு நீளம், சுத்தியல் எவ்வளவு கடினம், காந்தம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு அந்த நிமிஷத்தில் சத்தத்தை உண்டாக்கியது. இன்னும் விலை கொடுத்து வாங்காத சோதனைப் பதிப்பு என்பதால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை சத்தம் தானாக நின்றுவிடும். மூடித் திறக்க வேண்டும். ஆனால் முதல் கட்டையை அழுத்தியதுமே என் முதுகு நிமிர்ந்தது. மெதுவிலிருந்து பலத்துக்கு எந்தத் தாவலும் இல்லாமல் அந்தக் குரல் ஏறியது. தொண்டை கட்டிய அந்தக் கூப்பிடல் சரியாக வரவேண்டிய இடத்தில் வந்தது.

அதைவிட, ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகக் கெடுக்க அதில் வசதி இருந்தது. சுருதியைச் சற்று ஏற்றலாம், இறக்கலாம். டேம்பரைத் தேய்ந்துபோகச் செய்யலாம். நான் மற்ற எல்லாவற்றையும் மறந்தேன். மேல் பக்கத்து இரண்டு கட்டைகள் சற்று மங்கலாக இருக்கும், மங்கலாக்கினேன். நடுவில் ஓர் எஃப் கட்டையில் சுத்தியல் தேய்ந்து ணங்கென்று வரும், அதையும் கொண்டுவந்தேன். ஆறு வருஷம் என் கையால் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு குறையும் விரலில் இருந்தது. பாப்பா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கீழ் ஜிக்கு வந்தேன். அந்தக் கட்டை கெட்டுப்போன பிறகு நான் அதை நேரில் கேட்டதே இல்லை. போனில் அக்கா சொன்னதைத்தான் கேட்டிருக்கிறேன். சுருதி கொஞ்சம் ஏறிப்போச்சு. விரல எடுத்தாலும் பாடிட்டே இருக்கு. அப்படியே வைத்தேன்.

"இது ஒண்ண அழுத்திப் பாரு," என்றேன்.

அவள் அழுத்தி, விரலை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு யாரோ அடிக்குரலில் இழுப்பது மாதிரி அறையில் அது நீண்டுகொண்டே போனது. எட்டு நொடி, பத்து நொடி.

பாப்பாவின் கை கட்டையின் மேலேயே நின்றுவிட்டது. "சித்தி," என்றாள் மிக மெதுவாக, "இதுதான். இதுதான் அம்மா."

சமையலறை வாசலில் அத்தான் நின்றிருந்தார். கையிலிருந்த துண்டால் எதையும் துடைக்காமல் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் உயரவில்லை.

"அத நிறுத்தும்மா," என்றார்.

சாப்ட்வேரை மூடினேன். அவர் என்னை மொட்டைமாடிக்கு வரச் சொன்னார். மாலை ஐந்து மணி இருக்கும். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்தபடி பேசினார். ஒன்பது வருஷம் பேசாததை ஒரே மூச்சில் சொல்லும் வேகம் அதில் இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்த்தே வெளியே விட்டார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காலை ஆறு மணிக்கு அவர் விழித்துப் படுத்திருந்தாராம். முன்னறையில் அக்கா முணுமுணுக்கும் சத்தம் கேட்டதாம். எழுந்து போனால் நின்றுவிட்டது. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடி. மூன்றாவது முறை அவர் போனபோது பாப்பா அவருக்கு முன்பே எழுந்து முன்னறை வாசலில் நின்றிருந்தாள். "அம்மா பாடுது," என்றாளாம், சிரித்துக்கொண்டே. பியானோவின் மூடி சாத்தியிருந்தது. பிளக் சுவரில் மாட்டப்படவே இல்லை.

"பாஸ்டர்கிட்ட சொன்னா வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவாரு. தெருவுக்கே தெரிஞ்சுடும். உங்கிட்ட எப்படிச் சொல்றது? பைத்தியம்னு நெனப்பே," என்றார். "நாலு வாரம் பொறுத்தேன். பாப்பா தெனமும் எந்திரிச்சு அந்த வாசல்ல போய் நிக்க ஆரம்பிச்சுது. சாப்பிட மாட்டேன், அம்மா கூப்பிடுதுன்னு சொல்லுச்சு. அதான் குடுத்துட்டேன்."

பிறகு சொன்னார்: "நீ சொன்னது சரிதான். அவ வந்தா. நான்தான் அனுப்பிட்டேன்."

அப்போது கீழே வீட்டுக்கார அம்மாள், மேல் பகுதியில் குடியிருக்கும் கன்னட அம்மாள், "நீரு பந்து" என்று குரல் கொடுத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள். தொடர்ந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. எங்கள் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அத்தான் சொன்ன ஒருநாள் விட்டு ஒருநாள் என் மண்டைக்குள் அந்த ஒருநாள் விட்டு ஒருநாளோடு போய் ஒட்டிக்கொண்டது.

"அத்தான், அப்போல்லாம் தண்ணி காலைலயா வரும்?"

"ஆமா. ஆறு மணிக்கு. ஏன்?"

"அந்தச் சத்தம், மோட்டார் ஓடுறப்போ கேக்குமா, நின்னப்புறமா?"

அவர் யோசித்தார். "நின்னதும்," என்றார்.

நான் கீழே இறங்கிப் போனேன். பக்கச் சந்தில், முன்னறைச் சுவரை ஒட்டி மோட்டார் இருந்தது. அதிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயைச் சுவரோடு இரும்புப் பட்டைகளால் இறுக்கியிருந்தார்கள். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. மோட்டாரின் ரீங்காரத்தை என் தொண்டையில் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் உள்ளே போய்க் கீபோர்டில் தேடினேன். ஜிக்குச் சற்று மேலே. சுருதி கொஞ்சம் ஏறிப்போன ஜி.

என் வேலையே இதுதான். எது எதை ஆட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. மோட்டாரின் ரீங்காரமும் அந்தக் கம்பியின் சுருதியும் ஒன்றாகிவிட்டால், சுவரும் தரையும் இரும்புக் கால்களும் வழியாக அந்த அதிர்வு கம்பிக்குப் போய்ச் சேரும். யாரும் தொடாமல், கரண்டும் ஸ்பீக்கரும் இல்லாமலே, கம்பி மெலிதாகப் பாடும். மோட்டார் ஓடும்வரை அந்த இரைச்சலில் தெரியாது. நின்ற பிறகு, அடக்க டேம்பர் இல்லாத அந்த ஒரு கம்பி மட்டும் பத்துப் பன்னிரண்டு நொடி தனியே பாடிக்கொண்டிருக்கும். அக்கா இருந்த கடைசி வாரங்களிலும் அது பாடியிருக்கும். காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் குக்கரும் ரேடியோவும் ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரமும் இருந்ததால் யார் காதிலும் விழுந்திருக்காது. அவள் போன பிறகுதான் அதைக் கேட்கும் அளவுக்கு அந்த வீடு அமைதியானது.

மறுபடி மாடிக்குப் போய் அத்தானிடம் சொன்னேன். எளிமையாகச் சொல்ல முயன்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மோட்டார் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

"அப்ப அவ வரலயா?" என்றார்.

"இல்ல அத்தான். அது நான் சரிபண்ணாம விட்ட கட்டை. மூணு தடவ கூப்பிட்டா. நான் வரல."

அவர் நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். நான் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷம் அவர் அந்தக் குற்றத்தோடு வாழ்ந்திருக்கிறார். ஆனால் அவள் வந்தாள் என்பதும் அந்தக் குற்றத்துக்குள்தான் இருந்தது.

"பயந்துதான் குடுத்தேன்," என்றார் கடைசியில். "ஆனா அவதான்னு நெனச்சுதானே பயந்தேன்." கொஞ்சம் கழித்து, "பாப்பாகிட்ட சொல்லாத," என்றார்.

சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அவளுக்குப் பதின்மூன்று வயது, புரிந்துகொள்வாள். பொய்யான ஒரு சத்தத்தை அம்மா என்று அவள் ஏன் சுமக்க வேண்டும்? இதையெல்லாம் மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டுதான் படி இறங்கினேன். பாப்பா மேஜை முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்ட்வேரைத் தானே திறந்திருந்தாள். கட்டையைத் தொடவில்லை.

"சித்தி, ஒண்ணு கேக்கவா? அம்மா நெஜமாவே ஹம் பண்ணுவாங்களா? அப்பாகிட்ட கேட்டா ஒண்ணுமே சொல்றதில்ல."

"பண்ணுவா," என்றேன். "காலைல. வேலை செய்யறப்போ."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்த ஒரு பொய்க்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை என்பதை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாவது சாப்ட்வேரையே வாங்கினோம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாப்பா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் சர்ச் ஸ்பீக்கரில் இணைத்து வாசித்தாள். பழைய ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். அத்தான் அந்த முறை வாசல் படிக்குப் போகவில்லை, என் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அக்கா வாசிக்கும்போது அவர் ஏன் வெளியே போவார் என்று அன்றுதான் கேட்டேன். உள்ளே இருந்தால் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவளுக்குக் கூச்சமாகித் தப்பு வருமாம். அதனால் படியில் உட்கார்ந்து கேட்பாராம்.

ஜனவரியில் ஒருநாள் போனபோது கீழ் ஜியைத் தொட்டுப் பார்த்தேன். அடங்கியிருந்தது. சுருதியும் சரியாக இருந்தது. பாப்பாதான் மாற்றியிருந்தாள். கொயரோடு சேரவில்லை, எல்லாரும் நிறுத்திய பிறகும் அது மட்டும் இழுக்கிறது, அதனால் சரிபண்ணிவிட்டேன் சித்தி என்றாள். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

விசித்திரம் என்னவென்றால், இப்போது எனக்கே அக்கா முணுமுணுப்பது ஞாபகத்தில் இருக்கிறது. பியானோவின் மூடியைத் திறந்து வைத்து நான் குனிந்திருக்கிறேன், அவள் என் பின்னால் நின்று அடிக்குரலில் எதையோ இழுக்கிறாள். அது நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாப்பாவிடம் நான் சொன்ன பொய்யிலிருந்து முளைத்தது அது. ஆனால் மற்ற ஞாபகங்களைவிட அது தெளிவாக இருக்கிறது. அவளுடைய உண்மையான பேச்சுக் குரல் நாளாக நாளாக மங்கிக்கொண்டு வருகிறது.

வருஷா வருஷம் அவள் இறந்த நாளில் இப்போது நானும் அத்தானும் சேர்ந்துதான் கல்லறைக்குப் போகிறோம். பாப்பா மைசூரில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். போன முறை பூவை வைத்துவிட்டு நின்றிருந்தபோது அத்தான் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைப் போல ஒன்றைக் கேட்டார். மோட்டார் ஓடாவிட்டாலும் அந்தக் கம்பி பாடுமா என்று.

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"கடைசியா கேட்டது ஒரு ஞாயித்துக்கெழம. அன்னிக்குக் கரண்டே இல்ல. தண்ணியும் வரல. மத்தியானம் பியானோவ ஏத்த தெரு முனைல டெம்போவ வரச் சொல்லிட்டு உள்ள வந்தேன். அப்போ கேட்டுச்சு."

தெருவில் லாரி ஏதாவது போயிருக்கும் என்றேன். அந்த அதிர்வே போதும் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தெருவில் லாரி நுழையாது. அது அவருக்கும் தெரியும். டெம்போகூட முனையில்தான் நிற்க முடியும். மழை வரும்போல் இருந்தது. அவரிடம் குடை இல்லை. என் குடையிலேயே இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம்.